நூறு சிசியின் வேகம்: டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் இந்திய வரலாறு

1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் வாங்க எண்ணியவர் முன் இருந்தவை முதன்மையாகத் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட், மைசூரில் தயாரான யெஸ்டி, வடக்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் ஆகியவையே. முறையே பிரிட்டன், செக்கோஸ்லோவாக்கியா, போலந்து நாடுகளின் பழைய வடிவமைப்புகளிலிருந்து வளர்ந்த இவ்வண்டிகள் மேடுபள்ளங்களையும் சுமையையும் தாங்கினவே தவிர, விரைவுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. 1983-இல் எஸ்கார்ட்ஸ் யமஹாவின் துணையோடு கொண்டுவந்த ராஜ்தூத் 350 இதற்கு விலக்கு என்றாலும், அதன் விலையும் பெட்ரோல் செலவும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாதவையாக இருந்ததால், அது பலர் வியந்து பார்த்துச் சிலர் மட்டுமே வாங்கிய வண்டியாக நின்றுபோனது.

வேகம் என்பது சாதாரண மாதச் சம்பளக்காரரின் கைக்கு வந்தது 100 சிசி வண்டிகளின் வழியாகத்தான். சிசி என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் இடத்தின் கன அளவு. இந்த அளவு வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு வெளிநாட்டுக் கூட்டுறவை அரசு அனுமதித்தபோது, ஜப்பானின் நான்கு பெருநிறுவனங்களும் இந்தியக் கூட்டாளிகளைத் தேடிக்கொண்டன. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வெளிவந்தது. மறு ஆண்டில் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100, பின்னர் கவாசாகி பஜாஜ் கேபி 100 ஆகியவை தொடர்ந்தன. இந்நான்கில் ஹோண்டா மட்டுமே ஃபோர்-ஸ்ட்ரோக். மற்ற மூன்றும் டூ-ஸ்ட்ரோக். ஹோண்டா மைலேஜை முன்வைத்து விற்பனையில் வென்றது. வரலாற்றின் விருப்பமோ ஆர்எக்ஸ் 100 பக்கம் சாய்ந்தது.

அந்த விருப்பத்தின் காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே உள்ளது. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிப்பு நிகழ, டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றிலும் அது நிகழ்கிறது. மேலும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு முதலிய உறுப்புகள் இல்லாமல், சிலிண்டர் சுவரில் உள்ள ‘போர்ட்’ எனப்படும் துளைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கும்போது திறந்து மூடுவதால், எஞ்சின் எடை குறைந்ததாகவும் எளிதில் பிரித்துப் பூட்டக்கூடியதாகவும் அமைகிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் கலவை பின்னோக்கித் திரும்பாமல் தடுக்க யமஹா ‘ரீட் வால்வு’ எனும் மெல்லிய தகட்டு அடைப்பை வைத்தது. சைலன்சருக்கும் இதில் பங்குண்டு: வெளியேறும் புகையின் அழுத்த அலை அதன் உள்ளமைப்பில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பப் பார்க்கும் புதுக்கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது, எஞ்சின் குறிப்பிட்ட சுழல்வேகத்தை எட்டும்போதுதான் இந்தத் தள்ளல் மிகச் சரியான கணத்தில் வாய்ப்பதால், வண்டி மந்தமாக ஏறிக்கொண்டே வந்து திடீரெனப் பாய்வதுபோல் ஓட்டுபவருக்குத் தோன்றுகிறது. சிடி 100 ஏறத்தாழ 7 குதிரைத்திறனோடு நின்றபோது, ஏறத்தாழ 100 கிலோ எடையே கொண்ட ஆர்எக்ஸ் 100-இன் 98 சிசி எஞ்சின் 11 குதிரைத்திறன் தந்தது. முன்னும் பின்னும் டிரம் பிரேக், நான்கு கியர் மட்டுமே கொண்ட அவ்வண்டியை இன்றைய பொருளில் ஸ்போர்ட்ஸ் பைக் என்று அழைக்க முடியாது என்பதும் சொல்லப்பட வேண்டியதே.

எஞ்சினின் எளிமை பட்டறைகளில் ஒரு தனிக் கைத்தொழிலை வளர்த்தது. போர்ட்டுகளை அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குவதும், சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து அழுத்தத்தைக் கூட்டுவதும், சைலன்சரை மாற்றுவதும் மெக்கானிக்குகள் அனுபவத்தால் கற்றுக்கொண்ட வித்தைகள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்து பந்தயத் திடலாக மாறிய சோழவரமும், அதன் பின் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த பந்தயத் தடமும் இந்த வித்தைக்குத் தேர்வுக்களங்களாயின. 1990-களில் ஓசூரிலிருந்து வந்த சுசுகி ஷோகன், ஏறத்தாழ 108 சிசியில் 14 குதிரைத்திறனை எட்டியது.

எந்தத் திறந்த போர்ட் பாய்ச்சலைத் தந்ததோ, அதுவே இவ்வகைக்கு முடிவும் தேடித் தந்தது. புகை வெளியேறும் வழியும் கலவை உட்புகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறியது. மசகுக்காகச் சேர்க்கப்படும் ஆயிலும் உடன் எரிந்து நீலப் புகையானது. 1996-இல் வந்த மாசு விதிகள் இருசக்கர வண்டிகளின் கார்பன் மோனாக்சைடை கிலோமீட்டருக்கு 4.5 கிராமாக வரையறுத்தன. 2000-இல் அது 2 கிராமானது. ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தி 1996-இலேயே நின்றது. அதன் வழிவந்த 135 சிசி வண்டிகள் அடுத்த பத்தாண்டின் நடுவில் மறைந்தன. அதற்குள் ஹீரோ ஹோண்டா சிபிஇசட்டும் பஜாஜ் பல்சரும் ஃபோர்-ஸ்ட்ரோக்கிலும் விரைவு சாத்தியம் என்று காட்டிவிட்டிருந்தன. சுற்றுச்சூழல் நோக்கில் இந்த விதிகள் தேவையானவையே. அவற்றைக் குறைகூறும் ரசிகர்களின் வாதத்தில் ஏக்கம் மிகுதி, நியாயம் குறைவு.

இன்று இவ்வண்டிகளைத் தேடுவோர் சந்திக்கும் முரண் ஒன்றுண்டு. இவற்றை மிகவும் நேசித்தவர்களே போர்ட்டைத் தேய்த்தும் சைலன்சரை மாற்றியும் மூலவடிவத்தை அழித்தனர். எவ்வித ஆசையுமின்றி அலுவலகத்துக்கு ஓட்டிச் சென்றவர்களிடம்தான் அது பிழைத்தது. ஆகவே விவரமறிந்தோர் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்ப்பதில்லை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்த பின், சிலிண்டர் எத்தனை முறை போரிங் செய்யப்பட்டது என்று கேட்கின்றனர். போரிங் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் பொருத்துவது. ஆர்எக்ஸ் 100-இல் 50 மி.மீ. விட்டம் ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டராகக் கூடிச் செல்ல, சிலிண்டரின் ஆயுள் அவ்வளவில் குறைகிறது.

சட்டத்தின் பார்வையில் இவை இன்னும் பழம்பெரும் வண்டிகள் அல்ல. 2021-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூலவடிவில் பேணப்பட்ட வண்டியே ‘விண்டேஜ்’ எனப் பதிவு பெறும். 1985-இல் பதிவான ஆர்எக்ஸ் 100-க்கு அத்தகுதி 2035-இல்தான் வரும், பட்டறையில் தேய்க்கப்பட்டவற்றுக்கு அப்போதும் அது எளிதில் கிட்டாது.