பாடம் பிரெஞ்சில், நோயாளி தமிழில்

கோரிமேட்டு ஜிப்மரைத் தெரியாதவர் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அதன் வேர் 'எக்கோல் தெ மெத்சின்' என்ற பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியில் இருக்கிறது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1823-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய பள்ளி அது. பிரெஞ்சுக் கடற்படையையும் பட்டாளத்தையும் சேர்ந்த மருத்துவர்கள் அங்கே பாடம் நடத்தினார்கள். தேறியவர்களுக்கு 'மெத்சேன் லொக்கால்', அதாவது உள்ளூர் மருத்துவர் என்று பட்டம்.

அந்த 'உள்ளூர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டம் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் தொழில் செய்வதற்கானது. பாரீசில் படித்த டாக்டருக்குச் சமம் அல்ல. பிரான்சிலேயே இப்படி இரண்டு படிகள் இருந்தன. 1803-இல் வந்த சட்டம், டாக்டருக்குக் கீழே 'ஒஃபிசியே தெ சாந்த்தே' என்ற இரண்டாம் நிலை மருத்துவரை உண்டாக்கியது. அவர் தேர்வு எழுதிய மாவட்டத்துக்குள் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவலில் வரும் கணவர் அப்படிப்பட்டவர்தான். 1892-இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பையனுக்கு இதற்கு மேல் இன்னொரு சுமை இருந்தது. பாடம் முழுவதும் பிரெஞ்சில். வீட்டில் தமிழ். எலும்பின் பெயரோடு அது ஆண்பாலா பெண்பாலா என்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தக் கஷ்டம் தெரியும். 'ஃபுவா' என்று வாத்தியார் சொன்னால் அது ஈரலாக இருக்கலாம், விசுவாசமாக இருக்கலாம், 'ஒரு தரம், இரண்டு தரம்' என்பதில் வரும் தரமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. எங்களுக்கு அது 'திக்தே' நோட்டில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். மருத்துவ மாணவனுக்கு அப்படியா?

இன்னொன்று, 'மால் ஓ கேர்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதயத்தில் வலி. உண்மையில் பிரெஞ்சுக்காரர் அப்படிச் சொன்னால் குமட்டுகிறது என்று பொருள். நம்மவர் மட்டும் சும்மாவா? 'நெஞ்சைக் கரிக்குது', 'வயித்தைப் புரட்டுது', 'வாய்வு பிடிச்சிருக்கு', 'உடம்பு சூடு' என்பார்கள். வாய்வுக்குப் பிரெஞ்சு அகராதியில் எந்தச் சொல்லைப் போடுவது? காரைக்காலில் வேலை என்றால் தமிழாவது உதவும். மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு.

கணக்கும் அப்படித்தான். பிரெஞ்சு முறையில் காய்ச்சல் சென்டிகிரேடில், மருந்து கிராமில். எல்லை தாண்டினால் ஆங்கிலேயர் முறை: ஃபாரன்ஹீட், கிரெயின். எங்கள் வீட்டில் காய்ச்சலை 38, 39 என்போம். கோட்டக்குப்பத்து உறவினர் 101, 102 என்பார். அது வெறும் பேச்சு. மருந்துச் சீட்டில் அப்படி இருக்க முடியாது. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெயினுக்கு மேல் போகும்.

ஆகவே அந்தக் காலத்து உள்ளூர் மருத்துவரும், அவருக்குக் கீழே கட்டுப்போட்ட 'அன்ஃபிர்மியே'யும் கற்றது இரட்டைப் படிப்பு. வெள்ளைக்கார மேலதிகாரிக்குப் பிரெஞ்சில் நோயை எழுத வேண்டும். அதே நோயை வாசலில் நிற்கும் கிழவிக்கு அவள் பேச்சில் விளக்க வேண்டும். முதல் பாதிக்குத்தான் பரீட்சை உண்டு. இரண்டாம் பாதிக்கு மதிப்பெண்ணும் இல்லை, பட்டமும் இல்லை. ஆனால் நோயாளி பிழைப்பது பல சமயம் அந்த இரண்டாம் பாதியில்தான்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கை மாறியது. 1956-இல் இந்திய அரசின் கீழ் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-இல் ஜிப்மர் என்று பெயர் மாறியது. பிரெஞ்சு இருந்த இடத்தில் ஆங்கிலம் உட்கார்ந்தது. நாற்காலிதான் மாறியது. இன்றைக்கும் நர்சிங் படிக்கும் பெண் ஆங்கிலத்தில் தேர்வு எழுதிவிட்டு, 'எங்கம்மா வலிக்குது?' என்று தமிழில்தான் கேட்கிறாள். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர்களை நாம் இன்னும் 'உதவியாளர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் பிரெஞ்சு மருந்துச் சீட்டோ, பாட நோட்டோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.