செம்மண் பாதையில் ஒரு மாரத்தான்

மாரத்தான் பிறந்ததே கிராமத்துச் சாலையில்தான். 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், மாரத்தான் ஊரிலிருந்து நகரம்வரை சுமார் 40 கிலோமீட்டர் ஓடி வென்ற ஸ்பிரிதோன் லூயிஸ், தண்ணீர் சுமந்து விற்ற கிராமத்துக்காரர். 42.195 கிலோமீட்டர் என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. அதுவே நிலையான அளவானது 1921-இல்.

அந்தக் கிராமத்துச் சாலையை நினைவூட்டும் மாரத்தான் ஒன்று, புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லில் நடக்கிறது. 1968-இல் அந்த நகரம் தொடங்கியபோது அங்கிருந்தது மழைவெள்ளம் அரித்துப் பள்ளம் பறித்த செம்மண் பொட்டல். கரை கட்டி நீரைத் தேக்கி, மரம் நட்டு வளர்த்த அந்தக் காட்டுக்குள்தான் 2008-இல் ஆரோவில் மாரத்தான் தொடங்கியது. பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலருமுன்பே ஓட்டம். தார்ச்சாலையைவிட மண்பாதை முழங்காலுக்கு இதம் என்பார்கள். ஆனால் வேர் தடுக்கும். புழுதி திரண்ட இடத்தில் கால் புதையும். ஓடி முடிப்பதற்குள் வெள்ளைக் காலுறை செங்கல் நிறமாகிவிடும். நகரத்து மாரத்தான்கள் பல பரிசுத்தொகையைக் காட்டி ஆள் சேர்க்கின்றன. இங்கே பரிசும் இல்லை, தரவரிசையும் இல்லை. முதலில் வந்தவர் யார் என்று அறிவிக்கும் வழக்கமும் இல்லை.