துருவைத் தடுக்கும் எண்ணெய்களும் கிரீஸ்களும்: ஓர் ஒப்பீட்டின் வரலாறு

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயோ கொழுப்போ பூசுவது மிகப் பழைய வழக்கம். எந்த எண்ணெய் மற்றொன்றைவிட நன்றாகக் காக்கிறது என்பதை முறையாக அளந்து பார்ப்பதோ சுமார் நூறாண்டுகளாகத்தான் நடக்கிறது. அதற்கு முன்பு கொல்லர்களும் கப்பல் பொறியாளர்களும் படைவீரர்களும் அனுபவத்தால் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய தேர்வுகளில் பல சரியானவை. ஆனால் அவை ஏன் சரி என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது.

எண்ணெய்ப் படலத்தை நீர் புகாத ஒரு சுவராக எண்ணுவது இயல்பு. அது முழு உண்மை அன்று. ஆக்சிஜன் எண்ணெயில் கரையும்; நீரும் சிறிதளவு கரையும். இரண்டும் படலத்தின் வழியே மெல்ல ஊடுருவி இரும்பை அடையும். அப்படியானால் ஓர் எண்ணெய் காப்பதும் மற்றொன்று கைவிடுவதும் எதனால்? இந்த ஒப்பீட்டின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே செல்கிறது.

பழைய பூச்சுகள்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, தம்முடைய ‘இயற்கை வரலாறு’ நூலின் 34ஆம் பகுதியில், இரும்பைத் துருவிலிருந்து காக்கும் பொருள்களாகக் காரீயத்திலிருந்து செய்யும் வெள்ளை நிறமி, ஜிப்சம், திரவக் கீல் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். அந்த வரியில் எண்ணெய் இடம்பெறவில்லை. எனினும் கொழுப்புகளும் தாவர எண்ணெய்களும் பல நாடுகளில் இப்பணிக்குப் பயன்பட்டன. அவற்றின் குணங்கள் ஒன்றுக்கொன்று வேறானவை.

ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிக் கெட்டிப்படும். புதிய இரும்புத் தோசைக்கல்லை நல்லெண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கும்போது படியும் கரிய படலமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அங்கே வெப்பம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. அசையாத பரப்புக்கு இது நல்ல காப்பு. துப்பாக்கியின் விசைப்பகுதிக்கோ கடிகாரச் சக்கரத்துக்கோ இதைப் பூசினால் பிசினாகி அசைவை நிறுத்திவிடும்.

உருக்கிய மாட்டுக்கொழுப்பு இறுகுவதில்லை, தடிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நாளடைவில் கெட்டு, கொழுப்பு அமிலங்களை வெளிவிடும். பித்தளை, செம்புப் பாகங்களில் பச்சை நிறக் களிம்பு ஏறுவதற்கு இந்த அமிலங்களும் ஒரு காரணம். ஸ்பெர்ம் திமிங்கலத்திலிருந்து எடுத்த எண்ணெய் இவ்விரு குறைகளும் குறைவாக உள்ளது. வேதியியல்படி அது பெரும்பாலும் திரவ மெழுகே. எளிதில் பிசினாகாது, குளிரிலும் ஓடும். அதனால் கடிகாரக்காரர்களும் துப்பாக்கி செய்பவர்களும் அதை விரும்பினார்கள். அதற்காகத் திமிங்கலங்கள் கொடுத்த விலை தனிக் கதை. ஜப்பானில் வாள்களுக்குக் காமெலியா விதை எண்ணெயும் கிராம்பு மணமுள்ள எண்ணெயும் மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டன. பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்துப் புதிதாகப் பூசுவது அங்கே பராமரிப்பின் ஒரு பகுதி. அந்த முறையில் எண்ணெயின் தரத்துக்குச் சமமாக அந்த ஒழுங்கும் வாளைக் காத்தது என்பது என் கருத்து.

நீராவிக் கப்பல்களில் மற்றொரு கலவை வழங்கியது. இயந்திரத்தின் பளபளப்பான எஃகுப் பாகங்களில், மாட்டுக்கொழுப்பையும் காரீய வெள்ளையையும் குழைத்துப் பூசினார்கள். பிளினி சொன்ன அதே வெள்ளைதான். காரீய வெள்ளை காரத்தன்மை உடையது. கொழுப்பு கெடும்போது உண்டாகும் அமிலத்தோடு அது சேர்ந்து காரீயச் சோப்பாக மாறும்; அமிலம் அடங்கும். கொழுப்பின் பெரிய குறையை அதனுடன் சேர்த்த பொருளே சரிசெய்தது.

பாறை எண்ணெயின் வரவு

1859இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார். அங்கே சென்ற இளம் வேதியியலாளர் ராபர்ட் செசுபுரோ, இறைப்புத் தண்டுகளில் படியும் மெழுகு போன்ற கசடைத் தொழிலாளர்கள் காயங்களில் தடவுவதைக் கண்டார். அதைத் தூய்மைப்படுத்தி 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவில் 1865இல் தொடங்கிய ஹாட்டன் நிறுவனத்தின் காஸ்மோலினும் முதலில் மருந்துக் களிம்பாகவே விற்கப்பட்டது. துருத்தடுப்பு அதன் முதன்மைத் தொழிலானது பின்னர்தான்.

பெட்ரோலியப் பொருள்கள் கெட்டுப்போவதில்லை. கொழுப்பு அமிலத்தை வெளிவிடுவதுமில்லை. எனவே அவை பழைய கொழுப்புகளை எல்லா வகையிலும் வெல்லும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். தடித்த வாசலின் வகைகள் நன்றாகவே காத்தன. நன்கு சுத்திகரித்த மெல்லிய கனிம எண்ணெயோ ஏமாற்றியது. எண்ணெய் பூசிய எஃகின் மேல் விழுந்த நீர்த்துளி, படலத்தை ஒதுக்கிவிட்டு உலோகத்தைத் தொட்டுவிடும். மாட்டுக்கொழுப்புப் பூசிய தகட்டில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

காரணத்தை நெருங்க உதவியவர் இர்விங் லாங்மியூர். கொழுப்பு அமில மூலக்கூறுக்கு நீரை நாடும் ஒரு முனையும் எண்ணெயை நாடும் நீண்ட வாலும் உண்டு. பரப்புகளின் மேல் அவை ஒரே திசையில் அணிவகுத்து நிற்கின்றன என்று 1917இல் அவர் விளக்கினார். உலோகத்தின் மேலும் அவை அவ்வாறே நிற்கும். முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, வால் எண்ணெய்க்குள் நீளும். நீர் எண்ணெயை எளிதில் தள்ள முடியாது. சுத்திகரித்த கனிம எண்ணெயில் பற்றும் முனையுள்ள மூலக்கூறுகள் அநேகமாக இல்லை. அழுக்கு என்று நீக்கப்பட்டவற்றுள் காவலாளியும் சேர்ந்து போய்விட்டது எனலாம். பிற்காலத் துருத்தடுப்பு எண்ணெய்களில் சல்ஃபோனேட்டு உப்புகளைச் சேர்ப்பது அந்தக் காவலாளியை அமிலக் குறை இல்லாமல் மீண்டும் கொண்டுவருவதற்கே.

ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே உள்ள மெழுகும் இதே காரணத்தால் சிறந்தது. ஜெர்மனியில் பிரவுன், லீப்ரைக் ஆகிய இருவரும் 1882இல் அதைத் தூய்மைப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர், அதுவே லனோலின். அது தன் எடைக்கு மேலும் நீரை ஏற்றுத் தன்னுள் நுண்துளிகளாகப் பிடித்துவைக்கும். கரைப்பானில் கரைத்துப் பூசினால் மெல்லிய, ஒட்டும் படலமாக நிற்கும். இன்றும் கடலோரப் படகுகளின் உலோகப் பாகங்களுக்கு இது பூசப்படுகிறது.

அளவிடத் தொடங்கிய காலம்

1914இல் அமெரிக்கப் பொறியாளர் கேப், உப்புநீரைப் பனிபோல் தெளித்துப் பூச்சுகளை ஒப்பிடும் முறையை முன்மொழிந்தார். அது 1939இல் பி117 என்ற எண்ணில் அமெரிக்கத் தரமுறையாயிற்று. இன்றைய வடிவில் 5 விழுக்காடு உப்புக் கரைசல், 35 டிகிரி செல்சியஸ். எண்ணெய்க்கும் கிரீசுக்கும் தனிச் சோதனைகள் பின்னர் வந்தன. ஒன்றில் 300 மில்லிலிட்டர் எண்ணெயும் 30 மில்லிலிட்டர் நீரும் 60 டிகிரியில் கலக்கப்பட, அதில் ஓர் எஃகுத் தண்டு நிற்கும். மற்றொன்றில் கிரீஸ் இட்ட உருளைத் தாங்கிகளை 48 மணி நேரம் 52 டிகிரியில் முழு ஈரப்பதத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

இச்சோதனைகள் தரும் வரிசை எப்போதும் களத்தில் நிற்பதில்லை. உப்புத் தெளிப்பு அறையில் தகடு இடைவிடாமல் நனைந்தே இருக்கிறது. வெளியிலோ நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைகிறது. பிரிட்டனில் வெர்னன் 1920களிலும் 30களிலும் செய்த ஆய்வுகள், காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத் தாண்டும்போதே அரிப்பு திடீரென விரைவுபெறுவதையும், புகையிலுள்ள கந்தக வாயு அதைத் தூண்டுவதையும் காட்டின. ஆகவே ஓர் எண்ணெய் எத்தனை மணி நேரம் உப்பறையில் நின்றது என்பதைக் கொண்டு, அது கிடங்கில் எத்தனை ஆண்டு காக்கும் என்று கணக்கிட முடியாது.

சோதனைத் தகடு நன்கு துடைக்கப்பட்ட தகடு என்பதும் மறக்கப்படுகிறது. பட்டறையில் கைபட்ட இரும்பின் மேல் வியர்வையின் உப்பு இருக்கும். அதன் மேல் தடித்த கிரீசை அப்பினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபடும். சில வாரங்களில் கைரேகை வடிவிலேயே துரு தெரியும்.

நீரை விரட்டும் எண்ணெய்

இந்தச் சிக்கலுக்கு வேறு கோணத்தில் விடை தேடியது சான் டியேகோவின் ராக்கெட் கெமிக்கல் நிறுவனம். 1953இல் அது உருவாக்கிய டபிள்யூடி-40, அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலைக் காக்கப் பயன்பட்டது. ‘நீரை அகற்றல், 40ஆம் முயற்சி’ என்பதே பெயரின் பொருள். மெல்லிய கரைப்பான் ஈரத்தின் அடியில் புகுந்து அதை விலக்குகிறது. பிறகு ஆவியாகிச் சிறிதளவு எண்ணெயை விட்டுச்செல்கிறது. அந்தப் படலம் மிக மெல்லியது என்பதால் வெளியில் கிடக்கும் இரும்பை நெடுநாள் காக்காது. இன்று பலர் இதை நீண்டகாலக் காப்பு என்று எண்ணித் தெளித்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

எதிர்முனையில் நிற்பது காஸ்மோலின். இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கிகள் அதில் தோய்க்கப்பட்டு மரப்பெட்டிகளில் அடைக்கப்பட்டன. அதன் ஆவியாகும் பகுதி போனபின் பழுப்பு நிற மெழுகு எஞ்சியது. பல பத்தாண்டுகள் கழித்துத் திறந்த பெட்டிகளிலும் துப்பாக்கிகள் துருவின்றிக் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுட ஏற்றதாக்குவதற்கு வெந்நீரும் கரைப்பானும் பல மணி நேரத் துடைப்பும் தேவைப்பட்டன. மரக் கைப்பிடிக்குள் ஊறிய காஸ்மோலின், வெயில் பட்டால் அதன் பிறகும் கசிந்துகொண்டிருந்தது.