"தரலாம்" என்றது சட்டம்!

சட்டத்தை எழுதுவோர் ஆள்வோர். அதன் உண்மைப் பொருளையோ, அதனால் வழி அடைபட்டோரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

1858-இல் பிரிட்டன் மருத்துவச் சட்டம் ஒன்றை இயற்றியது. போலி மருத்துவரிடமிருந்து மக்களைக் காக்க, தகுதி பெற்றோருக்கு ஒரு பதிவேடு. நல்ல நோக்கம்! பெண்ணுக்கு இடமில்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால், பதிவேட்டில் ஏறப் பட்டம் வேண்டும். பட்டம் தருவோரோ பெண்ணுக்குத் தர மறுத்தனர். பூட்டு சட்டத்தின் கையில். சாவி பழைமையின் கையில்!

1869-இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் எடின்பரோ பல்கலைக் கழகத்தில் நுழைந்தார். தோழியர் சேர்ந்து எழுவராயினர். வேதியியல் தேர்வில் எடித் பெச்சி முன்னணியில் நின்றார். உதவித் தொகையோ அவருக்குப் பின் நின்ற ஆணுக்கு! 1870 நவம்பர் 18-ஆம் நாள், உடற்கூறு தேர்வெழுதச் சென்ற அப்பெண்கள்மீது சேறு வீசப்பட்டது. வாயிற்கதவு முகத்துக்கெதிரே சாத்தப்பட்டது. செய்தோர் யார்? கல்லாதாரா? கல்லூரி மாணவர்கள்! அவர்கள் கண்ணுக்குச் சட்டம் தங்கள் தொழிலைச் சூழ்ந்த மதில். ஆனால், அதே மாணவரிடையே சிலர் அப்பெண்களுக்கு அரணாக நின்று வீடுவரை அழைத்துச் சென்றனர். ஒரே கல்லூரி, ஒரே சட்டம், பார்வை இரண்டு!

1873-இல் நீதிமன்றம், பட்டம் மறுக்கும் உரிமை பல்கலைக் கழகத்துக்கு உண்டு என்றது. மங்கையர் ஓய்ந்தனரா? இல்லை! 1874-இல் லண்டனில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி எழுந்தது. 1876-இல் புதுச் சட்டம் பிறந்தது. அது சொன்னதென்ன? பெண்ணுக்கும் பட்டம் தரலாம். தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லை! அயர்லாந்தின் மருத்துவர் கல்லூரி முதலில் முன்வந்தது. 1877-இல் ஜெக்ஸ்-பிளேக் அங்கே தகுதி பெற்றார். எடின்பரோ இசைந்ததோ 1894-இல்! அந்த எழுவருக்கு மதிப்புறு பட்டம் அளித்தது 2019-இல். பெற்றுக்கொள்ள ஒருவரும் உயிரோடில்லை!

அந்தச் சட்டம் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே, 1875-இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மனம் இருந்த இடத்தில் கதவு திறந்தது. மனம் இல்லாத இடத்தில் கால் நூற்றாண்டு அடைபட்டே கிடந்தது. ஒருவர் மனத்தைப் பொறுத்துக் கிடைப்பது சலுகை, அது உரிமையாகுமா?

மாணவத் தோழர்களே! மருத்துவத் துறையில் புதுச் சட்டம் எது வரினும், முகவுரையின் மணத்தில் மயங்காதீர்கள். முடிவில் நிற்கும் வினைச்சொல்லைப் பாருங்கள். "தரலாம்" என்றிருந்தால், பணி பாதிதான் முடிந்தது. "தர வேண்டும்" என்றாகும்வரை ஓயாதீர்கள்!