ஸ்பார்க் பிளக் எண்ணுக்குள் ஒரு வரலாறு

போளூரிலிருந்து ஜவ்வாது மலை மேல் ஜமுனாமரத்தூருக்கு ஒரு சாதாரண பெட்ரோல் கார் ஏறுகிறது என்று வைத்துக் கொள்வோம். வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பிளக் பொறி விட வேண்டும். அதாவது ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1500 பொறி. ஒரு மணி நேரம் இப்படியே ஏறினால் 90,000 பொறி! இவ்வளவு வேலை செய்யும் பொருளைப் பற்றி கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பிளக் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்த எண்ணுக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. அது தெரியாமல் பிளக் வாங்கினால் எஞ்சினுக்கே ஆபத்து.

பொறி பிறந்த கதை

1860ல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் என்பவர் வாயுவில் ஓடும் எஞ்சினைச் செய்தபோதே மின்பொறியால்தான் தீ மூட்டினார். ஆனால் வேகமாகச் சுற்றும் கார் எஞ்சினுக்கு நம்பகமாகப் பொறி கொடுப்பது நீண்ட காலம் பெரிய தலைவலியாக இருந்தது. 1902ல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனால்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் சேர்த்து உருவாக்கினார். நடுவில் ஒரு கம்பி, சுற்றிப் பீங்கான், வெளியே மரையுள்ள இரும்பு, முனையில் ஒரு சின்ன இடைவெளி. இன்றைக்கும் அடிப்படை அமைப்பு இதுதான்.

இந்தியாவுக்குக் கார் வந்தபோது பிளக்கும் கூடவே கப்பலில் வந்தது. 1910களில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் விடத் தொடங்கிய காலத்தில் உதிரி பாகம் என்றாலே வெளிநாட்டுச் சரக்கு. பாஷ் 1922ல் கல்கத்தாவில் விற்பனை ஏற்பாடு செய்தது. உள்நாட்டில் செய்வதற்கு சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1951ல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைக்கோ, தொடங்கப்பட்டது. டீசல் பம்ப்களோடு ஸ்பார்க் பிளக்கும் அங்கே தயாரானது. தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் "மைக்கோ பிளக்" என்பது ஏறக்குறைய பிளக்குக்கே பெயராகிவிட்டது. 2008ல் கம்பெனியின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது.

தட்டுப்பாடு கற்றுக் கொடுத்த பாடம்

அந்தக் காலத்தில் சாலையில் ஓடியவை அம்பாசடர், பிரீமியர் பியட், வண்டலூர் தொழிற்சாலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவைதான். கார் வாங்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். இந்த நிலையில் யார் பிளக்கைத் தூக்கி எறிவார்கள்? கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, பில்லர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்து மறுபடி மாட்டுவார்கள். பாயிண்ட் வைத்த அந்தக் கார்களுக்கு இடைவெளி சுமார் 0.6 மி.மீ.

பொருளாதாரப் பாடத்தில் தட்டுப்பாடு என்றால் கெட்டது என்று படிக்கிறோம். ஆனால் இங்கே அது ஒரு அறிவையும் வளர்த்தது. அடிக்கடி கழற்றியதால் பிளக்கைப் பார்த்தே எஞ்சினின் உடல்நிலையைச் சொல்லப் பழகினார்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகிறது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது போலத்தான்!

எண் எங்கே வருகிறது?

பிளக் முனை சுமார் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படிந்துவிடும். 900 டிகிரியை நெருங்கினால் பொறி வருவதற்கு முன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் தீப்பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. வெப்பத்தை வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்தும் பிளக்கை 'குளிர்' பிளக் என்றும், மெதுவாகக் கடத்துவதை 'சூடு' பிளக் என்றும் சொல்வார்கள்.

மறுபடி ஜவ்வாது மலைக்குப் போவோம். 1960களின் கடைசியில் காவலூரில் வானாய்வகம் அமைந்த காலத்திலிருந்து இன்று வரை, மலை ஏறும் எந்த வண்டியும் கீழ் கியரில் முழு பாரத்தோடு நெடுநேரம் உழைக்க வேண்டும். எஞ்சினுக்குத் தேவையானதைவிடச் சூடான பிளக் போட்டிருந்தால் அங்கேதான் வினை. முன்கூட்டியே தீப்பிடிக்கும், நாக்கிங் சத்தம் கேட்கும், முற்றினால் பிஸ்டனில் ஓட்டையே விழும். அதே காரில் தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக் போட்டால் மலையில் தாங்கும். ஆனால் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் போய் வந்தால் கரி பிடித்து ஸ்டார்ட் ஆகாது.

சரி, எண்ணைப் பார்த்து வாங்கினால் போதுமே என்கிறீர்களா? சிக்கலே அங்கேதான்.

பாஷின் பழைய முறையில் மூன்று இலக்க எண்: டபிள்யூ 145, டபிள்யூ 175, டபிள்யூ 225 என்று போகும். எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். பிறகு அதே பாஷ் ஒற்றை இலக்கத்துக்கு மாறியபோது கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. எண் ஏற ஏறச் சூடு! அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சுசுகியோடு ஜப்பானியப் பிளக் எண்களும் நம் கடைகளுக்கு வந்தன. என்.ஜி.கே., டென்ஸோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர். அதிலும் என்.ஜி.கே.யின் 6க்கு டென்ஸோவில் ஏறக்குறைய 20 சமம்.

ஆக, ஜெர்மன் பழைய கணக்கு, ஜெர்மன் புதிய கணக்கு, ஜப்பானியக் கணக்கு எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. பாஷ் 'டபிள்யூ ஆர் 7 டி சி'க்குச் சமமானது என்.ஜி.கே. 'பி பி ஆர் 6 இ எஸ்'. பாஷ் 7 கிடைக்கவில்லை என்று 8 வாங்கினால் சூடு கூடும். என்.ஜி.கே. 6 இல்லை என்று 7 வாங்கினால் சூடு குறையும். "ஒரு நம்பர்தானே, பரவாயில்லை" என்பது எவ்வளவு ஆபத்து பாருங்கள்.

மறந்து போன காலம்

2000 பிப்ரவரியில் இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பிளக்கில் படிந்து வந்த ஈயக் கழிவும் அத்தோடு நின்றது. அதே காலத்தில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து கொடுத்தது. கரி குறைந்தது. இரிடியம் முனை வைத்த பிளக்குகள் பல கார்களில் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை உழைக்கின்றன. வாரக்கணக்கில் கவனித்த பொருளை இன்று ஆண்டுக்கணக்கில் மறந்துவிட முடிகிறது. வசதிதான். ஆனால் பிளக்கைப் பார்த்து எஞ்சினைப் படிக்கும் கண்ணும் மெல்ல மெல்லப் போய்விட்டது. எண்களின் குழப்பம் மட்டும் போகவில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் காரோடு வந்த புத்தகத்தில் உள்ள எண்ணையே வாங்க வேண்டும். வேறு கம்பெனி பிளக் என்றால் சமமான எண்ணை அந்தக் கம்பெனியின் பட்டியலில்தான் பார்க்க வேண்டும், மனக்கணக்கு கூடாது. மரையின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால் முனை பிஸ்டனில் இடிக்கலாம். கம்ப்யூட்டர் வைத்த கார் என்றால் எண்ணில் 'ஆர்' இருக்கிறதா என்று பாருங்கள். அது மின் இரைச்சலைத் தடுக்கும் ரெசிஸ்டர். அது இல்லாவிட்டால் ரேடியோ இரையும், கம்ப்யூட்டரும் குழம்பும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அதற்கு முன் குழியிலுள்ள தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கைக் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அலுமினியத் தலையில் மரை போனால் செலவு பிளக்கைவிடப் பல மடங்கு. கை இறுக்கம் முடிந்ததும் புது வாஷர் உள்ள பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று அல்லது சற்றுக் கூடுதல் போதும்.

கழற்றிய பழைய பிளக்குகளை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்ற வரிசை மாறாமல் ஒரு காகிதத்தில் அடுக்கி வைத்து, முனைகளின் நிறத்தை ஒரு நிமிடம் பாருங்கள். மூன்று பிஸ்கட் நிறத்திலும் ஒன்று மட்டும் கறுப்பாகவும் இருந்தால், அந்த ஒன்று உங்களிடம் ஏதோ சொல்ல வருகிறது.