தங்கம் விமானமேறிய ஆண்டு

1991 பிறந்ததே போரோடுதான். ஜனவரியில் வளைகுடாவில் குண்டுமழை. எண்ணெய் விலை ஏற்கெனவே எகிறியிருந்தது. குவைத்திலிருந்து உயிர் தப்பி ஊர் திரும்பிய தொழிலாளர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றுபோனது. இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்தது.

மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். நாடே உறைந்தது.

ஜூன் 21 அன்று பிரதமரான நரசிம்ம ராவுக்குக் கிடைத்தது காலியான கஜானா. ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் பெட்டகத்திலிருந்து ஏறத்தாழ 47 டன் தங்கம் மும்பையில் விமானமேறி, லண்டனில் அடகாக இறங்கியது. தாலியை அடகு வைத்த குடும்பத்தின் வேதனையை அன்று தேசம் அனுபவித்தது.

ஜூலை 24: நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் பட்ஜெட். அதே நாளில் வெளியான தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் முறையை ஒழித்தது.

டிசம்பர் 25 அன்று சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார். பல ஆண்டுகளாக இந்தியாவோடு ரூபாய்க் கணக்கில் வணிகம் செய்துவந்த சோவியத் ஒன்றியம் மறுநாள் முறைப்படி கலைக்கப்பட்டது.