புலிப்பால் காளானும் புட்டி மருந்தும்



காஜாங் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காளான் புதிய பொருள் அன்று. மழை விட்ட மறுநாள் பறித்து வந்து குழம்பு வைத்த குடும்பங்கள் எத்தனையோ! ஆனால் காளான் மாத்திரையாகிப் புட்டியில் அடைபட்டு, இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து என்று வீட்டு வாசலுக்கே வருவது நம் பாட்டன்மார் காணாத புதுமை. அது வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

கதை காட்டில் தொடங்குகிறது. இந்நாட்டுப் பூர்வகுடிகளான தெமுவான், செமாய் இனத்தார் இருமலுக்கும் இழுப்புக்கும் காய்ச்சலுக்கும் ஒரு காளானின் கிழங்கை அரைத்துக் குடித்து வந்தார்கள். கிழங்கை நறுக்கினால் பால் போன்ற சாறு வரும். தாய்ப்புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே மலாய் மொழியில் 'சூசு ஹரிமாவ்', அதாவது புலிப்பால், என்று பெயர். (நமக்கு ஐயப்பன் கதை நினைவுக்கு வரலாம், அதற்கும் இதற்கும் உறவில்லை.)

1664-லேயே லண்டனில் ஜான் ஈவ்லின் என்பவர், கீழ்த்திசையிலிருந்து பாதிரிமார் அனுப்பிய அரும்பொருள்களில் 'புலிப்பால்' என்ற காளான் போன்ற பொருளைக் கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1879-இல் குக் என்ற ஆங்கிலேய அறிஞர், பினாங்கிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பால்மரத்துக்குச் சேதமில்லாமல் பால் வெட்டும் முறையை வகுத்த ரிட்லி துரையை நாம் அறிவோம். அவரும் 1890 வாக்கில் இக்காளானைப் பயிரிட முயன்றார்; முடியவில்லை. நமக்குப் பக்கத்திலுள்ள செர்டாங்கின் மார்டி ஆராய்ச்சிக் கழகத்து ஆய்வாளர் ஒருவரால், 2000-க்குப் பிறகே அது கைகூடியது. காட்டில் தேடி அலைந்த கிழங்கு அதன் பின்னரே பெருமளவில் கடைச்சரக்காயிற்று.

இதற்கு முன்பே, 1990-களில், சீனரின் பழம்பெரும் மருந்தான லிங்ஸி காளான் நேரடி விற்பனைக்காரர்கள் மூலம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. இதன் இனப்பெயர் கானோடெர்மா. செம்பனையில் வேலை செய்தவர்களுக்கு இப்பெயர் பழக்கமானதே. அடித்தண்டை அழுகச் செய்து மரத்தையே சாய்க்கும் கானோடெர்மா, மலாயாச் செம்பனையில் 1931-இலேயே பதிவாகியது. காஜாங்கை அடுத்த பாங்கியிலுள்ள செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் இன்றும் அதனோடு போராடுகிறார்கள். இரண்டும் ஓரினம், ஆனால் வேறு வகை. பனையடியில் முளைத்ததைப் பறித்துக் கொதிக்கவைத்துக் குடிக்கும் விபரீதம் வேண்டாம்.

சரி, புட்டியில் உள்ளது பலன் தருமா? காளான் சத்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் 1977-இல் ஒரு காளான் சத்து, புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அனுமதி பெற்றது. 'சேர்த்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவற்றுக்குப் பதிலாக அன்று. இனிப்பு நீர்க்காரர்களுக்கு லிங்ஸி கொடுத்த சோதனைகளை 2015-இல் ஒன்றுகூட்டி ஆராய்ந்தபோது, சர்க்கரையைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பழைய மருந்துதானே, கெடுதல் என்ன என்று கேட்கலாம். பழமை கஷாயத்துக்கு உண்டு, தூளுக்கு இல்லை. லிங்ஸித் தூள் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்ட செய்தி 2004-இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2007-இல் தாய்லாந்து மருத்துவர்கள் ஓர் உயிரிழப்பையே எழுதினார்கள். இவை அரிதானவைதாம். ஆயினும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், அறுவைக்கு நாள் குறித்தவர்களும் இக்காளான் தூளை உண்டால் இரத்தப்போக்கு அதிகமாகக்கூடும். இவற்றையெல்லாம்விட அபாயம், புட்டியை நம்பிக் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடுவது. சர்க்கரை ஏறுவது உடனே வலிப்பதில்லை. காலிலோ கண்ணிலோ சிறுநீரகத்திலோ தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகளை 1992 முதல் பதிவு செய்கிறார்கள். புட்டியின் மேல் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளும் அதையடுத்து எட்டு இலக்கங்களும், கடைசியில் பாரம்பரிய மருந்தைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்தும் இருக்கும். பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்பதே அதன் பொருள். நோய் தீரும் என்ற உறுதிச்சீட்டு அன்று. எண்ணே இல்லாத புட்டியை, விற்பவர் உறவினராயினும், வாங்காதீர்கள். ஏற்கனவே வாங்கியிருந்தால், அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது புட்டியையும் கையோடு எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டுங்கள்.